பின்சீட்டில் ஒருத்தி

காரைப் பார்க்கப் பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன ஆளை இன்னும் காணவில்லை. வராமல் விட்டால் நல்லது என்று நினைக்கிறேன், வராமல் விட்டால் பிறகு என்ன செய்வது என்றும் நினைக்கிறேன், இரண்டையும் ஒரே மூச்சில்தான் நினைக்கிறேன். விடிந்ததும் ஈரத்துணியோடு கார்க் கொட்டிலுக்குள் போய் முன்கண்ணாடியில் இருந்து பின் பம்பர் வரைக்கும் துடைத்து முடித்தேன், பெண் பார்க்க வருகிறார்கள் என்று பிள்ளையைச் சோடித்து வெளிக்கிடுத்துகிற மாதிரி. கட்டிக் கொடுக்கிற எண்ணம் இருக்கிறதா என்பது வேறு கதை. கனடாவில் இருந்து நிரோஜன் நேற்றும் போன் எடுத்தான். ஒரே மகன், அவன் சொல்வதிலும் பிழை இல்லை. "அம்மா, வெளிநாட்டில இருந்து வாகனம் இறக்கிறதை அரசாங்கம் நிப்பாட்டி வைச்சிருந்தபடியால்தான் பழசுக்கு உந்த விலை. இப்ப திறந்துவிடப் போறாங்கள். புதுசு வந்து இறங்கிச்செண்டால் உங்கடை கொரோலாவை ஆர் பாக்கப் போகினம்? இரும்புக்குத்தான் குடுக்கவேணும்." இருபது வருடத்துக்கு மேல் ஓடிய காருக்கு வாங்கின விலையைப் போலப் பல மடங்கு தருகிறேன் என்று ஆட்கள் நிற்கிறார்கள், எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. மனிதருக்கு வயது போகப் போக மதிப்பு இறங்குகிறது, இந்த நாட்டில் காருக்கு மட்டும் ஏறுகிறது. இதை நிரோஜனிடம் சொன்னால் சிரிப்பான், சிரித்துவிட்டு உடனே உங்கடை முழங்கால் எப்பிடி அம்மா என்று கேட்பான், அதனால் சொல்லவில்லை. முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. இடது கால். டொக்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றத்தான் வேண்டும், தள்ளிப்போட்டால் நடக்கவே முடியாமல் போய்விடும் என்றார். மாற்றலாம். ஒப்பரேசனைச் செய்துகொண்டு, நான் எழும்பி நடக்கும் வரைக்கும் இவரைப் பார்க்க வீட்டோடு ஒரு ஆளை வைக்கலாம், கார் விற்ற காசு அவ்வளவுக்கும் காணும். விலை நிற்கிறபோதே விற்றால் காணும், பிறகென்றால் காணாது. எல்லாம் நேரான கணக்குத்தான். ஆனாலும் நேற்று அந்த ஆள் போன் எடுத்து நாளைக்கு வரட்டோ என்று கேட்டார். வாருங்கோ என்று சொல்வதற்குள் அந்தப் பக்கத்தில் இரண்டு தரம் ஹலோ சொல்லிவிட்டார்.

விறாந்தைக் கதிரையில் இவர் இருக்கிறார். சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டி விட்டிருக்கிறேன். தர்மகுலசிங்கம், மின்சார சபையில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னுடைய கணவர். இப்படி முழுதாகச் சொல்லிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது, ஏனென்றால் இதில் கடைசிச் செய்தி அவருக்குத் தெரியாது. "பிள்ளை" என்று கூப்பிடுகிறார். பிள்ளை என்றால் நான்தான். என்ன ஐயா என்று கிட்டப் போகிறேன். இஞ்சேருங்கோ என்று முன்னைப்போலக் கூப்பிட்டால் திடுக்கிட்டுப் பார்க்கிறார், அதனால் ஐயா என்று சொல்லப் பழகிக்கொண்டேன். "என்ர மனுசி வேலையால வந்திட்டாவோ?" "இன்னும் இல்லை ஐயா. பின்னேரம் வருவா." "தபாற்கந்தோரில சனமாக்கும்." "ஓம், சனமாத்தான் இருக்கும்." சமாதானப்பட்டுவிட்டார். எவ்வளவு லேசாகச் சமாதானப்படுகிறார். ஆரம்பத்தில் நான் விடவில்லை. நான்தான் சுகிர்தா, பாருங்கோ என்று கலியாணப் படத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தேன். படத்தில் இருக்கிறவளைச் சரியாக அடையாளம் சொன்னார், என்னை நிமிர்ந்து பார்த்தார், பிறகு அழத் தொடங்கிவிட்டார். ஏன் இந்தப் பிள்ளை என்ர மனுசியின்ர பேரை எடுத்து வைச்சிருக்குது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் முறைப்பாடு வைத்தார். முப்பது வருடமாகத் தபாற்கந்தோரில் இருந்தவள் நான். இந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை என்று எத்தனை கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன், ஒரு நாளும் அந்தக் கடிதத்தின் பக்கத்தில் இருந்து யோசித்ததில்லை. மறதி என்றால் எல்லாம் மெல்ல மெல்ல மங்கிப்போகும் என்று நினைத்திருந்தேன். இது அப்படி மங்கவில்லை. சுகிர்தா அவருக்குள் பத்திரமாக இருக்கிறாள், முப்பத்தெட்டு வயதில், கொண்டை போட்டு, பின்னேரம் வேலையால் வருகிறவளாக. எனக்குத்தான் அங்கே இடமில்லை. அவள் மேல் எனக்கு எரிச்சல் வருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கே தொடங்கியது என்று எல்லோரும் கேட்பார்கள். பெற்றோல் வரிசையில் தொடங்கியது. நாடே வரிசையில் நின்ற அந்த வருடம், இவர் விடியக் காரைக் கொண்டுபோய்க் கோண்டாவில் சந்தி தாண்டி நின்ற வரிசையில் விட்டார். சாப்பாட்டை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன், சீட்டைச் சாய்த்துவிட்டுப் படுத்திருப்பார், முன்னுக்கு நிற்கிறவரோடு அரசியல் பேசுவார், சந்தோசமாகக்கூட இருந்தார் என்று நினைக்கிறேன். ஒரு நாள் பின்னேரம் கேற்றைத் திறந்துகொண்டு நடந்து வந்தார். கார் எங்கே என்றேன். எந்தக் கார் என்றார். பகிடி விடுகிறார் என்று நான் சிரித்தேன், நன்றாகவே சிரித்தேன், தேத்தண்ணி போட்டும் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, வெளியில் என்ன சனம், ஏன் இவ்வளவு வாகனம் றோட்டில நிக்குது என்று கேட்டபோதுதான் என் சிரிப்பு நின்றது. அவரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். கார் வரிசையின் நடுவில் நின்றது, திறப்பு பூட்டிலேயே தொங்கியது, முன்னால் இருந்த வாகனங்கள் நகர்ந்துபோய்ப் பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்துக் கத்திக்கொண்டு நின்றார்கள். இவரை இடப்பக்கத்தில் ஏற்றிவிட்டு நான் போய்ச் சாரதி சீட்டில் இருந்தேன். கார் ஓடப் பழக்கினது இவர்தான், சண்டை நின்று பாதை திறந்து கொழும்பில் இருந்து இந்தக் காரை எடுத்துவந்த வருடம். பழக்கினார், ஓட விடவில்லை. பதிவுப் புத்தகம் உம்மடை பெயரில இருக்கட்டும், ஓட்டம் என்ரை பொறுப்பு என்று சிரிப்பார். அன்றைக்கு அந்த வரிசையில் காரை முன்னுக்கு எடுக்கிறபோது கார் துள்ளியது. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தெரியாத ஊருக்குப் போகிறவர் மாதிரி வெளியே பார்த்தபடி இருந்தார். எனக்கு அன்று இரண்டு விசயம் தெரிந்தது, ஒன்று இவர் இனிக் கார் ஓடமாட்டார், மற்றது நான் ஓடவேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் நான் நன்றாக ஓடப் பழகிவிட்டேன். சொல்லிக்கொள்ளக்கூடாது, ஆனால் ஒழுங்கைக்குள் எதிரே லொறி வந்தாலும் பின்னுக்கு எடுத்து மதிலோடு அணைத்துவிடுவேன். கிளினிக்குக்குக் கூட்டிப்போவேன், கூட்டிவருவேன், அவர் பேசாமல் இருப்பார். வீட்டில் என்னை மறந்துபோய்க் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. அப்படி ஒரு நாள், கிளினிக் முடிந்து வெளிக்கிடும்போது, அன்று டொக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு கிளட்சைச் சடாரென்று விட்டுவிட்டேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பக்கத்தில் இருந்து குரல் வந்தது. "சுகிர்தா, கிளட்சை மெல்ல விடும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது? உது என்ன மாட்டு வண்டிலோ?" நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடும் என்று பயம். கை இரண்டும் ஸ்ரியரிங்கில், கண் றோட்டில், கண்ணீர் தன்பாட்டில் ஓடுகிறது. "அழுதுகொண்டு ஓடாதையும். றோட்டுத் தெரியாது" என்றார். அன்றைக்கு நேரே வீட்டுக்கு வராமல் இருபாலை வரைக்கும் விட்டு, நல்லூரால் சுற்றி வந்தேன். வழிநெடுக ஒவ்வொரு ட்ரான்ஸ்போமரையும் காட்டி எந்த வருடம் ஏற்றியது, எந்த மழைக்கு வெடித்தது என்று சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கினார். நன்றி பிள்ளை, உங்களுக்குக் கரைச்சல் தந்துபோட்டன் என்றார். அன்று முதல் ஒவ்வொரு பின்னேரமும் அதே சுற்று. நன்றாக ஓடினால் அவர் பேசமாட்டார், இதை நான் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். அதனால் வேண்டுமென்றே பிழையாக ஓடுகிறேன். சந்திக்குச் சந்தி கிளட்சைப் படக்கென்று விடுகிறேன், மூன்றாம் கியரில் போட வேண்டிய இடத்தில் இரண்டிலேயே இழுக்கிறேன், அவர் பொறுமை கெட்டுச் சுகிர்தா என்று தொடங்கும் வரைக்கும். கராஜ்காரர் போன மாதம் கேட்டார், ஆரக்கா உங்கடை கார் ஓடுறது, கிளட்ச் பிளேட் இப்பிடித் தேஞ்சு கிடக்கு, ஓடத் தெரிஞ்ச ஆளாய்ப் பாத்து வையுங்கோ என்று. ஓம் ஓம் என்று தலையாட்டினேன். கிளட்ச் மிதிக்கிறது இடது கால். முழங்கால் ஏன் இவ்வளவு கெதியாய்க் கெட்டது என்று டொக்டர் யோசித்தார், அவரிடமும் நான் வாய் திறக்கவில்லை. நிரோஜனிடமும் சொல்லவில்லை. அப்பா காருக்குள்ள இருக்கேக்குள்ள என்னைத் தெரியுது என்று சொன்னால் அங்கே உள்ள யாராவது டொக்டரைக் கேட்டு அதற்கு ஒரு பெயர் சொல்லுவான். எனக்குப் பெயர் வேண்டாம். அந்த முக்கால் மணித்தியாலம் போதும்.

ஆனால் போதுமா என்று இப்போது விலை வந்து கேட்கிறது. விலை ஏறாமல் இருந்திருந்தால் நான் இதை யோசித்திருக்கவே மாட்டேன், கார் கொட்டிலில் நின்றிருக்கும், நான் நொண்டி நொண்டி ஓடியிருப்பேன், ஒரு நாள் கால் மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கும், அதோடு முடிந்திருக்கும். ஒரு முடிவும் எடுக்காமலே வாழ்க்கையை ஓட்டியிருக்கலாம். விற்காமல் விட்டால் என்ன ஆகும்? புதுக்கார் வந்து இறங்கும், இதை யாரும் கேட்க மாட்டார்கள், முழங்கால் அரச ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும், வரிசை வரும்போது இவரை யாரிடம் விடுவது? நான் விழுந்தால் இவரைத் தூக்க யாரும் இல்லை. போன கிழமை இவரைக் குளிக்க வார்க்கையில் காலுக்குச் சோப்புப் போட்டுவிட்டு எழும்பும்போது கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன், ஒரு சிறு பிள்ளை மாதிரி அவர் சோப்பு நுரையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விற்றால்? விற்றால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். கால் சரியாகும், ஒரு ஆள் வருவார், நான் நிமிர்ந்து நடந்து இந்த வீட்டுக்குள் பிள்ளையாக இருப்பேன், சாகும் வரைக்கும் பிள்ளை. சுகிர்தா என்று சொல்ல உலகத்தில் இனி யார் இருக்கிறார்கள்? நிரோஜன் அம்மா என்கிறான், அயலில் அக்கா, அன்ரி, இவரின் பெயரைச் சுருக்கிக் குலம் அண்ணையின்ரை மனுசி. பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள்தான் மிச்சம், அதுவும் ஒரு காருக்குள். ஓட்டோ பிடித்துப் போகலாமே என்று ஒரு மனம் சொல்கிறது, ஓட்டோவில் நான் பின்னால்தானே இருக்க வேண்டும், கிளட்சை யார் விடுகிறது? சும்மா வாடகைக்கு ஒரு கார் எடுத்தால்? வேறு காரில் ஏற மாட்டார், நிரோஜன் வந்து நின்றபோது வாடகைக்குப் பிடித்த வானின் கதவடியில் அவர் போட்ட சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. இந்தக் காரின் மணம் வேண்டும் போலிருக்கிறது அவருக்கு. கோயில் வாசலில் நாலு ரயருக்கும் தேசிக்காய் வைத்து அவர் முதன்முதல் இதை எடுத்தபோது ஒரு தேசிக்காய் நசியாமல் உருண்டு போனது, நான் சகுனம் பார்த்தேன், அவர் இறங்கிப்போய் அதை எடுத்துவந்து ரயருக்குக் கீழே வைத்துவிட்டு, இப்ப சரியோ என்றார். எல்லாவற்றையும் அப்படித்தான் தீர்த்துவைப்பார். இப்போது வந்து தீர்த்து வையுங்கோ என்று கேட்கத்தான் ஆசை. கேற்றடியில் மோட்டார் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்கிறது.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கலாம். நிமலதாசன் என்று பெயர், சாவகச்சேரியில் இருந்து வருகிறார், பஸ் பிந்திவிட்டபடியால் மச்சானின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்ததாகச் சொல்லிப் பிந்தினதற்கு வருத்தம் தெரிவித்தார். மரியாதையான ஆள்தான், எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஒரு முரட்டு ஆள் வந்து கண்டபடி விலை பேசியிருந்தால் போ என்று அனுப்பியிருப்பேன். பொனற்றைத் திறந்து பார்த்தார், குனிந்து கீழே பார்த்தார், கதவுகளைத் திறந்து மூடினார். "நல்லா வைச்சிருக்கிறியள் அன்ரி." "அவர்தான் வைச்சிருந்தவர்." "ஓடிப் பாக்கலாமோ?" திறப்பைக் கொடுத்தேன். கொடுக்கிறபோது கை விடவில்லை, பிறகு விட்டது. இஞ்சின் சத்தம் கேட்டதும் விறாந்தையில் இருந்து இவர் எழும்பிவிட்டார். பின்னேரம் ஆகிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நேரே வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து, வலது காலை முதலில் வைத்து, ஏறி இருந்துவிட்டார். "ஐயாவும் வாறாரோ?" என்று நிமலதாசன் கேட்டார். ஐயாவுக்குக் கொஞ்சம் மறதி தம்பி, இறக்கினால் சத்தம் போடுவார், இருந்திட்டுப் போகட்டும் என்றேன். தெரியாத ஒருவரோடு அவரைத் தனியே அனுப்ப முடியாது. பின்கதவைத் திறந்து, காலை மடக்க முடியாமல் மடக்கி, நானும் ஏறினேன். இத்தனை வருடத்தில் இந்தக் காரின் பின்சீட்டில் நான் இருந்ததே இல்லை. பின்னால் இருந்து பார்த்தால் எல்லாம் வேறு மாதிரி இருக்கிறது. இவருடைய காதுக்குப் பின்னால் சவரக்கத்தி படாமல் விட்ட நரை மயிர் நாலைந்து தெரிகிறது, சேட்டுக் கொலர் ஒரு பக்கம் மடிந்து நிற்கிறது. எத்தனை நாளாக இப்படி விட்டுக்கொண்டு வருகிறேனோ தெரியாது.

நிமலதாசனுக்கு எங்கள் கிளட்சின் குணம் தெரியாது. தேய்ந்த கிளட்ச், எங்கே பிடிக்கும் என்று எனக்குத்தான் தெரியும். அவர் காலை எடுத்தார், கார் ஒரு துள்ளுத் துள்ளி ஒழுங்கை மண்ணில் சறுக்கியது. "சுகிர்தா" என்றார் இவர். "கிளட்சை மெல்ல விடும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்னோடு பேசுகிறார் என்று நினைத்து நான் பின்னால் இருந்து ஓம் என்று சொல்லப்போனேன். அவர் திரும்பவில்லை. அவர் கண் நிமலதாசனின் மீசை வைத்த முகத்தில் இருந்தது, என்னைப் பார்க்கிற அதே பார்வை, கோபம் பாதி செல்லம் பாதி. நிமலதாசன் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார். இந்த ஆளும் சுகிர்தாதான். அந்தச் சீட்டில் யார் ஏறி இருந்தாலும் சுகிர்தாதான், காரைத் துள்ளவிட்டால் போதும், பெற்றோல் அடிக்கிறவன் வந்து இருந்தாலும் சுகிர்தாதான். இத்தனை பின்னேரம், இத்தனை சந்தி, ஒரு முழங்காலைக் கொடுத்து நான் வாங்கினது இதையா? அவருக்கு என்னைத் தெரியவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது, நிமலதாசன் மேல் பொறாமைகூட வந்தது. "ஏன் கதைக்கிறீர் இல்லை? கோவமோ?" என்று இவர் கேட்டார். நான் கண்ணாடிக்குள் நிமலதாசனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், ஓம் சொல்லுங்கோ என்று கையால் காட்டினேன். அந்த மனுசன் ஒன்றும் விளங்காமலே, நல்ல மனுசன், "கோவமில்லை" என்று சின்னக் குரலில் சொன்னார். கார் கோண்டாவில் சந்திக்கு ஏறியது. இவர் ட்ரான்ஸ்போமரைக் காட்டவில்லை. கொஞ்சம் சரிந்து, சாரதிப் பக்கமாகக் குனிந்து, வீட்டு விசயம் பேசுகிற குரலில் தொடங்கினார். "உமக்கு ஒண்டு சொல்லவேணும். நீர் வேலைக்குப் போன நேரம் வீட்டில ஒரு பிள்ளை வந்து நிக்குது. ஆரின்ரை பிள்ளையோ தெரியாது. விடிய எழும்பி எல்லாம் அதுதான் செய்யுது. என்னைக் குளிக்க வார்க்கிறதும் அதுதான், எனக்கெண்டால் வெக்கமாய்க் கிடக்கு, அது முகம் சுளிக்கிறேல்லை. நீர் வந்து சண்டை பிடிச்சு அனுப்பிப்போடாதையும்." காரின் வேகம் குறைந்தது. "அதுக்குக் கால் ஏலாது சுகிர்தா. நான் பாக்கிறேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு நொண்டி நொண்டி நடக்குது. கிணத்தடியில நிண்டு அழுதது, நான் கண்டனான். உதைக் கொண்டுபோய் நல்ல டொக்டர் ஒருத்தரிட்டைக் காட்டும். செலவைப் பாக்காதையும். எங்களுக்காகத்தானே அது உப்பிடி மாயுது."

நான் கிணற்றடியில் அழுதேனா? வலியில் நின்றேன் என்றுதான் நினைத்திருந்தேன். அழுதிருக்கிறேன் போல. நான் மறந்ததை அவர் வைத்திருக்கிறார். இப்போதும் அழுகிறேன், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் முன்னுக்குப் போகாமல். சுகிர்தாவைத்தான் அவர் பத்திரமாக வைத்திருக்கிறார், எனக்கு இடமில்லை என்று இவ்வளவு நாளும் அவளோடு கறுவிக்கொண்டு திரிந்தேன். எனக்கும் ஒரு இடம் தந்துதான் இருக்கிறார். பெயர் தெரியாது, யாருடைய பிள்ளை என்று தெரியாது, ஆனால் கால் ஏலாதவள் என்று தெரியும், முகம் சுளிக்காதவள் என்று தெரியும், அவளுக்காகப் பெண்சாதியிடம் சிபாரிசு பேசவும் தெரியும். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி இப்படி ஒரு நல்ல வார்த்தை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. முன்சீட்டில் இருந்து ஓடிய ஒரு பின்னேரமும் இது காதில் விழவில்லை. வழியில் நிமலதாசன் இரண்டு தரம் கியர் மாற்றும்போது கார் குலுங்கியது, இவர் இரண்டு தரமும் ஏசினார், அவர் இரண்டு தரமும் ஓம் என்றார். இருபாலைக்குப் போகாமல் பாதி வழியிலேயே திருப்பிவிட்டோம். வீட்டு வாசலில் இஞ்சினை நிறுத்திவிட்டு நிமலதாசன் திறப்பை என்னிடம் நீட்டினார். "கிளட்ச் பிளேட் மாத்தவேணும் போல அன்ரி." "ஓம் தம்பி. அது நான் தேய்ச்சது. அதுக்குரியதைக் குறைச்சுக்கொள்ளுங்கோ." "அதுக்கில்லை. உங்களுக்கு மனமில்லாட்டிச் சொல்லுங்கோ, நான் வேறை ஒண்டு பாக்கிறன்." கேட்கிறவர் உண்மையாகத்தான் கேட்டார். நான் இவரைப் பார்த்தேன். தானே கதவைத் திறந்து இறங்கி, வாசற்படியடியில் போய் நின்றுகொண்டிருந்தார். "இல்லை, எடுங்கோ" என்றேன். "வியாழக்கிழமை வாங்கோ. வெள்ளிக்கிழமை எங்கடை வீட்டில சாமான் வெளியில குடுக்கிறேல்லை." சொன்ன பிறகு நெஞ்சு ஒரு பாரத்தை இறக்கிவைத்தது, இன்னொரு பாரத்தை எடுத்துக்கொண்டது. மோட்டார் சைக்கிள் ஒழுங்கையைத் தாண்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படியில் இவர் எனக்காகத்தான் நின்றிருக்கிறார். "கவனம் பிள்ளை, படி இருக்கு" என்று கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு ஏறினேன். வழக்கமாக நான்தான் அவரைப் பிடித்து ஏற்றுகிறவள். கதிரையில் இருத்திவிட்டு, மடிந்து நின்ற கொலரைச் சரிசெய்து, காதுக்குப் பின்னால் விட்டுப்போன மயிரை விரலால் தடவிப் பார்த்தேன், நாளைக்கு மறக்காமல் எடுக்கவேண்டும். "என்ர மனுசியைக் கண்டனீங்களோ?" என்று கேட்டார். கண்டேன் என்றேன். "ஏதும் சொன்னவாவோ?" "என்னை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறதெண்டு சொன்னவா." "அவ சொன்னால் செய்வா" என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார். இன்று திங்கட்கிழமை. வியாழன் வரைக்கும் பின்னேரங்கள் இருக்கின்றன. நான் நன்றாக ஓடினால் அவர் பேசமாட்டார், அது தெரியும், பேசாமல் றோட்டைப் பார்த்துக்கொண்டு வருவார், நானும் அவர் பக்கத்தில் பேசாமல் இருபாலை வரைக்கும் போய் வருவேன். எத்தனையோ வருடமாக அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இன்று பின்னேரம் கிளட்சை மெல்லத்தான் விடப்போகிறேன்.